காலை வந்தால் டிஸ்க் செக்கிங்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10 போட்ட டெஸ்க்டாப், 1 டிபி ஹார்டு டிஸ்க். சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் பத்திரிகை டிசைன்கள், வாடிக்கையாளர் ஃபைல்கள். ஒரு மாதமாகத் தினமும் காலையில் ஆன் செய்தால் டி டிரைவைச் சோதிக்க வேண்டும், வேண்டாமென்றால் 8 விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று வருகிறது. ஆள் காத்திருப்பார்கள் என்பதால் ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவேன். மெக்கானிக் ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். யூபிஎஸ் பேட்டரி போய் ஆறு மாதம் ஆகிறது. இந்த மெசேஜ் வராமல் செய்ய வழி உண்டா?

பதில்: வழி உண்டு, ஆனால் இப்போதைக்கு அதைச் செய்யாதீர்கள். முதலில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வாங்கியோ கடன் கேட்டோ டி டிரைவில் இருப்பதையெல்லாம் காப்பி எடுத்துவிட்டு மற்றதைப் படியுங்கள். மிகைப்படுத்தவில்லை. நானே ஒருமுறை, டிக் டிக் என்று சத்தம் போட்ட ஒரு பழைய டிஸ்க்கில் காப்பி எடுக்காமல் முழுச் சோதனையை ஓடவிட்டு, அக்கா மகளின் காதுகுத்துப் படங்களைத் தொலைத்தேன். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொன்னால் இருக்கிற உயிரும் அதில்தான் போகும்.

சரி, மெசேஜ் ஏன் வருகிறது? ஒவ்வொரு டிரைவிலும் ‘இதில் ஏதோ கோளாறு, பார்க்கவும்’ என்று குறித்து வைக்க ஓர் அடையாளம் உண்டு, டர்ட்டி பிட் என்பார்கள். காலையில் விண்டோஸ் எழும்போது அந்த அடையாளம் இருந்தால் டிஸ்க்கைச் சோதிப்பதற்கென்றே விண்டோஸில் உள்ள செக்டிஸ்க் சோதனையைத் தொடங்கும், சோதனை முழுதாக முடிந்தால்தான் அடையாளம் அழியும். நீங்களோ தினமும் ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறீர்கள், அப்புறம் எப்படி அழியும்? மறுநாளும் அதே மெசேஜ்தான். ஆகவே ஒரு மாதமாக வருவதை வைத்து டிஸ்க் போச்சு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. காப்பி எடுத்தபின் ஒரு நாள் கடை மூடும்போது ரீஸ்டார்ட் கொடுத்து, எந்தக் கீயையும் தொடாமல் ஓடவிட்டு வீட்டுக்குப் போங்கள். யூபிஎஸ் பேட்டரியை மட்டும் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், நடுவில் கரண்ட் போனால் வேலை இரட்டிப்பாகும்.

சோதனை முடிந்து இரண்டு மூன்று நாள் மெசேஜ் வரவில்லை என்றால் நிம்மதி. திரும்பவும் வந்தால் கரண்ட் கட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள் பல உண்டு. எஃப்ஏடி32 என்ற பழைய முறை டிரைவாக இருந்தால் பட்டென்று அணைந்தாலே அடையாளம் விழுந்துவிடும், பென் டிரைவ்களில் அடிக்கடி பார்ப்பது அதுதான். உங்கள் டி டிரைவ் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற புதிய முறையில் இருக்கும். அது எழுதுமுன் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும் ரகம், கரண்ட் போனாலும் பெரும்பாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். அதையும் மீறித் திரும்பத் திரும்ப அடையாளம் விழுகிறதென்றால் டிஸ்க், கேபிள், பவர் சப்ளை இந்த மூன்றில் ஒன்றைச் சந்தேகப்பட வேண்டும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ஒரு நீளப் பட்டியல் வரும். அதில் இடது ஓர எண் 05, சி5, சி6, சி7 என்று இருக்கும் நான்கு வரிகள் போதும், கடைசிக் கட்டத்தில் உள்ள ரா வேல்யூவைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சின்னச் சின்னக் கட்டங்கள்), சி5 என்பது படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்பவை, சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. சி5 இன்று 8, வாரம் கழித்து 40 என்று ஏறினால் புது டிஸ்க் வாங்கிவிடுங்கள், அதற்கு வைத்தியம் கிடையாது. (எண்கள் பதினறும முறையில், அதாவது இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் சேர்ந்து தெரியும், நடுவில் ஆங்கில எழுத்து வந்தால் பயப்பட வேண்டாம்.)

சி7 வேறு கதை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்து வந்த தடவைகளின் கணக்கு அது, பெரும்பாலும் குற்றவாளி சாட்டா கேபிள்தான். சிபியூவைத் திறந்து, பட்டையான அந்தச் சின்னக் கேபிளை இரு முனையிலும் கழற்றி அழுத்தமாக மாட்டுங்கள், முடிந்தால் புதிது போடுங்கள். இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. அதனால் இன்றைய எண்ணைக் குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்தும் அங்கேயே நின்றால் பிரச்சினை கேபிளோடு போய்விட்டது என்று அர்த்தம். நூறு இருநூறு ரூபாய் கேபிளுக்குப் பதில் டிஸ்க்கையே தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மெக்கானிக் சொன்ன ஃபார்மட் பற்றி. சி டிரைவை ஃபார்மட் அடித்தால் டி டிரைவின் அடையாளத்துக்கு ஒன்றும் ஆகாது. டி டிரைவையே குவிக் ஃபார்மட் அடித்தால் அடையாளம் போய்விடும், மெசேஜும் நின்றுவிடும், கூடவே உங்கள் டிசைன்களும் போய்விடும். கெட்ட செக்டரோ லூஸ் கேபிளோ அப்படியே இருக்கும், சில நாளில் மறுபடி வரும், மறுபடி அவரைக் கூப்பிடுவீர்கள்.

கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு டிரைவை மட்டும் காலைச் சோதனையிலிருந்து விலக்க செக்என்டிஎஃப்எஸ் (chkntfs) என்ற கட்டளை இருக்கிறது, சாய்கோடு எக்ஸ் போட்டு டிரைவ் எழுத்தைக் கொடுத்தால் மெசேஜ் வராது. நாய் ராத்திரியில் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப்போவது மாதிரி. புது டிஸ்க் வருகிற வரை இரண்டு நாள் ஒப்பேற்ற வேண்டுமானால் சரி.

கேள்வி: என் லேப்டாப்பில் சோதனை தானாகத் தொடங்கி 11 சதவீதத்தில் மூன்று மணி நேரமாக நிற்கிறது. ஆஃப் செய்யலாமா?

பதில்: நாளைக் காலை வரை விட்டுவைங்கள், சார்ஜரைக் கழற்றாதீர்கள். அந்தச் சதவீதம் பஸ் போர்டு மாதிரி, போகும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. முழு டிஸ்க்கையும் படிக்கும் சோதனையானால், 1 டிபி டிஸ்க்கை விநாடிக்கு 100 எம்பி வீதம் தடங்கலே இல்லாமல் படித்தாலும் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். கெட்ட செக்டர் வந்தால் அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. மறுநாள் காலையிலும் 11 என்றே நின்று, விளக்கும் அசையவில்லை என்றால் ஆஃப் செய்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி வேண்டியதைக் காப்பி எடுக்கப் பாருங்கள். சோதனை முடிந்துவிட்டால், விண்டோஸ் தன் நடப்புகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதிக்குள் போய் வின்இனிட் 1001 என்ற பதிவைத் திறந்து, பேட் செக்டர்கள் எத்தனை கேபி என்ற வரியை மட்டும் பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் முந்தைய பதிலைப் படிக்கவும்.

கேள்வி: சோதனைக்குப் பிறகு ஃபவுண்ட் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்று ஒரு ஃபோல்டர் வந்திருக்கிறது. வைரஸா?

பதில்: இல்லை. எந்த ஃபைலுடையது என்று தெரியாமல் அநாதையாகக் கிடந்த துண்டுகளைச் செக்டிஸ்க் அள்ளிப் போட்டு வைக்கும் இடம் அது. உங்கள் ஃபைல் எதுவும் காணாமல் போகவில்லை என்றால் அழித்துவிடலாம். போயிருந்தால் உள்ளே சிஎச்கே என்று முடிவதை வேறிடத்தில் காப்பி எடுத்து, கடைசி மூன்றெழுத்தை ஜேபிஜி என்றோ பிடிஎஃப் என்றோ மாற்றித் திறந்து பாருங்கள். சிலது திறக்கும்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் பழைய உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் வகை) போட்டு மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். காலையில் ஆன் செய்தால் கடைசியாக மவுண்ட் ஆன (டிஸ்க் பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்ட) நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று ஏதோ சொல்லி டிஸ்க் சோதனையில் உட்கார்ந்துவிடுகிறது. தேதியும் 2009 என்று காட்டுகிறது. டிஸ்க் மாற்ற வேண்டுமா?

பதில்: பதிலை நீங்களே கேள்வியின் கடைசியில் எழுதிவிட்டீர்கள். மதர்போர்டில் வட்டமாக ஒரு காசு மாதிரி இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்டை எடுத்ததும் கடிகாரம் 2009க்குப் போய்விடுகிறது, டிஸ்க்கிலோ நேற்றைய தேதி இருக்கிறது, நாளைக்கு வந்தவன் நேற்றே வந்ததாகக் கணக்கு சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே. சிஆர் 2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, 2025 கொடுத்தால் அகலம் அதுவே ஆனாலும் மெல்லியது, லூஸாக நிற்கும், வாங்காதீர்கள். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்திலுள்ள சின்னக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பழையது எழும்பி வரும், எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதைப் போடுங்கள். பிறகு பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் உள்ளே போகக்கூடிய அடிப்படை செட்டிங் திரையில்) தேதியைச் சரிசெய்து சேவ் கொடுங்கள்.