இரணைமடுக் குளக்கட்டு வீடியோவில் ஓரங்கள் நெளிவது பற்றி

ஐபிஐஎஸ்ஸை, அதாவது சென்சரையே அசைத்து உதறலைக் குறைக்கும் கமராவின் உள் ஸ்டெபிலைசரை, நிறுத்திவிட்டு அதே ஷொட்டை மறுபடி எடுங்கள். குளக்கட்டில் நடந்தபடி எடுக்கும்போது நடு நிதானமாக நிற்க, ஓரத்துப் பனைகள் மட்டும் ஜெலி மாதிரி ஆடுகின்றன என்கிறீர்கள். பெரும்பாலும் அது ஸ்டெபிலைசரின் வேலை, லென்ஸின் பழுது அல்ல.

உங்கள் 50 எம்எம் லென்ஸ் 1.33 மடங்கு அனமோர்ஃபிக், அதாவது படத்தைப் பக்கவாட்டில் அவ்வளவு நெருக்கிப் பதிவது; அது கமராவோடு பேசாது, தன் குவியத்தூரத்தைச் சொல்லாது. மெனுவில் நீங்கள் போட்ட குவியத்தூரத்தை நம்பித்தான் சென்சர் அசைகிறது. ஆனால் இந்த லென்ஸுக்கு ஒரே எண் கிடையாது: மேல்கீழாக 50, பக்கவாட்டில் 50ஐ 1.33ஆல் வகுத்தால் வரும் 38 அளவு. 50 போட்டால் பக்கவாட்டில் மிஞ்சித் திருத்தும். பழைய லென்ஸின் 85 மெனுவில் அப்படியே கிடந்தால் கேட்கவே வேண்டாம். பானசோனிக் எஸ்1எச் போன்ற சிலவற்றில் அனமோர்ஃபிக்கிற்கென்றே ஸ்டெபிலைசர் தெரிவு உண்டு; உங்கள் மெனுவையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

சோதிக்க:
1. ஒரே நடையை மூன்று தரம் எடுங்கள்: ஐபிஐஎஸ் இல்லாமல், 50 போட்டு, 38 போட்டு.
2. இலத்திரனியல் ஸ்டெபிலைசேஷனை (படத்தை வெட்டி நகர்த்தி உதறலை மறைப்பது) மூன்றிலும் நிறுத்தியே வையுங்கள்.
3. கணினியில் டிஸ்குவீஸ் செய்தபின் (நெருக்கிய படத்தை விரித்தபின்) ஓரத்துப் பனந்தண்டை மட்டும் கவனியுங்கள்.

38இல் பக்கவாட்டு நெளிவு குறையும், மேல்கீழ் உதறல் கொஞ்சம் மிஞ்சும். எனக்கென்றால் அதுவே மேல். கிம்பல் (மோட்டரால் கமராவை நிலையாகப் பிடிக்கும் தாங்கி) கிடைத்தால் ஐபிஐஎஸ்ஸே வேண்டாம்.

ஒன்று: ஐபிஐஎஸ்ஸை நிறுத்திய பிறகும் கமராவை வேகமாகத் திருப்பும்போது மரங்கள் சரிந்தால் அது ரோலிங் ஷட்டர், சென்சர் படத்தை வரி வரியாகப் பதிவதால் வருவது. மெதுவாகத் திருப்புவதே எளிய வழி. கச்சான் காற்று வீசும் நாளில் அந்தக் கட்டில் ட்ரைபொட்டும் ஆடும், நடுத்தண்டில் பையைக் கொழுவி விடுங்கள்.