யூனிட்டில் பிஜி மாணவி பார்த்துவந்த நோயாளி தற்கொலை செய்துகொண்டார். சீனியர்கள் அவருக்கு எப்படித் துணை நிற்கலாம்?

நீங்கள் உதவிப் பேராசிரியர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதல் நாளே அந்தப் பெண்ணிடம் கேஸ் ஷீட்டைக் கேட்காதீர்கள்.

நான் எம்.டி. மனநலம் இரண்டாம் வருடம். நான் இழந்த நோயாளிக்கு என் வயதுதான், தறிப்பட்டறையில் வேலை. மூன்று வாரம் வார்டில் இருந்து தேறி வீட்டுக்குப் போனார். அடுத்த வியாழன் ஓ.பி.க்கு வர வேண்டியவர், வரவில்லை. அவருடைய அண்ணன் வந்தார், நான் எழுதிக் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டோடு. "தம்பி போயிட்டான் சார், மீதி மாத்திரையைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

சீஃப் முதலில் கேட்டது, "தற்கொலை எண்ணம் இருக்கான்னு கேட்டியா, எழுதினியா?" கேட்டு, 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அவருக்கு நிம்மதி. எனக்கு அந்த 'இல்லை'தான் ராத்திரியெல்லாம் கண்ணில் நின்றது. அப்புறம் ஒரு மாதம், தலைவலி என்று வந்தவரிடம்கூட அதையே மூன்று தடவை கேட்டு, சந்தேகம் வந்தவரையெல்லாம் அட்மிட் செய்தேன். கடைசியில் வார்டு சிஸ்டர்தான், "பெட் இல்ல டாக்டர். நீங்க தூங்குறீங்களா?" என்று கேட்டார்.

அவர் சொல்லித்தானோ என்னவோ, ஒரு உதவிப் பேராசிரியர் கேன்டீனுக்குக் கூட்டிப்போய், தன்னிடம் பார்த்த இரண்டு பேர் இப்படி இறந்ததைப் பெயர், பெட் நம்பரோடு சொன்னார். பிறகு இரண்டு வாரம் ஓ.பி.யில் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எனக்கு மூச்சு வந்தது அப்போதுதான். ஸ்காட்லாந்தில் மனநல கன்சல்டன்ட்களிடம் எடுத்து 2000-ல் வெளியான கணக்கெடுப்பில் 68 சதவீதம் பேர் நோயாளியை இப்படி இழந்திருந்தார்கள். உங்களுக்கும் ஒன்று இருக்கும், அதைச் சொல்லுங்கள்.

தப்பை மூடி மறைக்கச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். கேஸை அலச வேண்டும்தான், சில வாரம் கழித்து, நீங்களும் கூட உட்கார்ந்து. இப்படி நோயாளியை இழந்து உடைந்துபோகும் டாக்டரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்கிறார்களே, அந்தப் பெயர் எனக்கே பிடிக்காது. அந்த அண்ணனுக்கு முன்னால் நான் யார்?

ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, டாக்டர் கூப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, லீவு. ஊரெல்லாம் மனநல விழிப்புணர்வுப் பேரணி நடத்துகிற துறை, இரண்டு நாள் லீவுக்குக் காரணம் எழுதிக் கொடு என்றது. 'காய்ச்சல்' என்று எழுதினேன். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.