அப்பாவின் மூளையில் மின்முனை பொருத்தலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 62, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது. தொடக்கத்தில் வலக்கை நடுக்கம் மட்டும்தான் இருந்தது. இப்போது நாளொன்றுக்கு ஆறு வேளை லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரை வேலை செய்யும்போது தானே குளித்துவிட்டுக் கடைத்தெரு வரை போய்வருகிறார். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அதன் வேகம் குறைந்ததும் கட்டிலிலிருந்து எழுவதற்கே ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. சில வேளைகளில் கழுத்தும் தோளும் தாமாகவே நெளிகின்றன. மூளைக்குள் மின்முனைகளை வைத்து மின் துடிப்புகளை அனுப்பும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கும்படி நரம்பியல் மருத்துவர் சொல்கிறார். “தலையில் துளை போட்ட பிறகு மனுஷன் பழைய மனுஷனாக இருப்பாரா?” என்று அம்மா அஞ்சுகிறார். வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். உறவினர் ஒருவர் முதுகில் ஸ்டெம் செல் ஊசி போடும் இடம் ஒன்றைச் சொல்கிறார்; இன்னொருவர் ஒலி அலை சிகிச்சை வந்துவிட்டது என்கிறார். அப்பா இதற்கிடையில் பூனைக்காலி சூரணமும் எடுத்துக்கொள்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் எழுதியிருப்பவற்றுள் மருத்துவருக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி, மாத்திரை வேலை செய்யும்போது உங்கள் தந்தை கடைத்தெரு வரை நடந்துவிட்டு வருகிறார் என்பதுதான். இந்த அறுவை சிகிச்சை யாருக்குப் பலன் தரும் என்பதைக் கணிக்க எங்களிடம் உள்ள நம்பகமான அளவுகோல் அதுவே. மாத்திரை உச்ச அளவில் வேலை செய்யும் நேரத்தில் ஒருவருக்கு எவையெல்லாம் சரியாகின்றனவோ, ஏறத்தாழ அவையெல்லாம் தூண்டலாலும் சரியாகும். மாத்திரைக்கு அசையாதவை தூண்டலுக்கும் பெரும்பாலும் அசைவதில்லை. மாத்திரைக்குக் கட்டுப்படாத நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு. அது தூண்டலுக்குக் கட்டுப்படக்கூடும். ஆகவே, இந்தச் சிகிச்சை உங்கள் தந்தைக்குப் புதியதொரு உடலைத் தந்துவிடாது. இன்று நாளில் சில மணி நேரமே வந்துபோகும் நல்ல நிலையை நாளின் பெரும்பகுதிக்கு நீட்டித்துத் தரக்கூடும். இந்த ஒன்றை வீட்டில் எல்லோரும் ஒருமித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நடுமூளையில், அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிவதே இந்நோயின் அடிப்படை. மாத்திரையிலுள்ள லெவோடோபா மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது. ஆரம்ப ஆண்டுகளில் எஞ்சியிருக்கும் செல்கள் அதைச் சேமித்துவைத்துச் சீராக வெளியிடுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சேமிப்புத் திறன் போய்விடுவதால், மாத்திரை இரத்தத்தில் ஏறும்போது உடல் நெளிவதும், இறங்கும்போது உறைந்துபோவதுமாக நாள் துண்டுதுண்டாகிவிடுகிறது. உங்கள் தந்தை இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார். வேளைகளை நெருக்கியும் துணை மருந்துகளைச் சேர்த்தும் ஓரளவு சமாளிக்கலாம். ஓர் எல்லைக்குப் பிறகு மருந்தைக் கூட்டினால் நெளிவு கூடுகிறது, குறைத்தால் உறைவு கூடுகிறது.

டோபமைன் குறைந்த மூளையில் சப்தலாமிக் முடிச்சு என்ற ஒரு பகுதி அளவுக்கு மீறிக் கிளர்ந்து, அசைவுகளைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. அது மூளையின் இரு பக்கங்களிலும், மிக ஆழத்தில், ஒரு பயறு அளவே உள்ள சிறு பகுதி. அமெரிக்காவில் மாலன் டிலாங்கின் ஆய்வுக் குழு 1990இல் பார்க்கின்சன் நிலைக்கு ஆளாக்கப்பட்ட குரங்குகளில் இந்த முடிச்சைச் செயலிழக்கச் செய்தபோது அவற்றின் இறுக்கமும் நடுக்கமும் தணிந்ததைக் காட்டியது. அதற்குச் சற்று முன்பே, 1987இல், பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம்-லூயி பெனாபிட் என்ற அறுவை மருத்துவர், நடுக்கத்துக்குக் காரணமான தலாமஸ் பகுதியைச் சுட்டு அழிக்கும் அறுவைக்கு முன்னால் இடம் சரிதானா என்று மின்சாரம் செலுத்திப் பார்க்கையில், வேகமான மின் துடிப்புகளை அனுப்பினால் எதையும் அழிக்காமலேயே நடுக்கம் நின்றுவிடுவதைக் கண்டார். இவ்விரு பாதைகளும் சேர்ந்ததுதான் உங்கள் மருத்துவர் சொல்லும் சிகிச்சை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997இல் இதை நடுக்கத்துக்கும், 2002இல் பார்க்கின்சன் நோய்க்கும் ஏற்றுக்கொண்டது.

அழிப்பதற்கும் தூண்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அம்மாவுக்கு அவசியம் எடுத்துச் சொல்லுங்கள். மின்தூண்டலைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்திவிடலாம். மூளைத் திசு எதுவும் வெட்டி எடுக்கப்படுவதில்லை. மூளைக்குள் குறித்த புள்ளியைக் கணக்கிட்டுச் சென்றடையும் இத்தகைய அறுவை நம் மண்ணுக்கும் புதியதன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவரான டி.எஸ். கனகா ஆகியோர் 1960களிலேயே ஸ்கேன் வசதி ஏதுமின்றி இதைச் செய்து காட்டியவர்கள். இன்றைய எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுடைய துணிவும் நுட்பமும் என்னை வியக்கவைக்கின்றன.

அறுவை அன்று, தலையில் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்திப் படமெடுத்து, இடத்தைக் கணித்து, மண்டையோட்டில் இரு சிறு துளைகள் வழியாக மெல்லிய மின்முனைகளை இறக்குவார்கள். பல மையங்களில் நோயாளி விழித்திருப்பார். மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது. கையை மடக்கச் சொல்லியும் பேசச் சொல்லியும் பார்த்து இடத்தை உறுதிசெய்வார்கள். முழு மயக்கத்தில் செய்யும் மையங்களும் உண்டு. மின்முனைகளோடு இணைந்த பேட்டரிக் கருவி, மார்பின் மேற்பகுதியில் தோலுக்கடியில் வைக்கப்படும். அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதைப் பலர் முன்கூட்டி அறிவதில்லை. மின் அளவையும் மாத்திரை அளவையும் ஒன்றுக்கொன்று இசைவாக்கச் சில மாதங்கள் பிடிக்கும். அதற்காகப் பலமுறை போய்வர வேண்டியிருக்கும். மாத்திரையைக் கணிசமாகக் குறைக்க முடியும். பெரும்பாலோருக்கு முற்றிலும் நிறுத்த முடிவதில்லை.

பலனுக்கும் ஆபத்துக்கும் சான்றாக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 255 நோயாளிகளிடம் நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆறு மாத முடிவில், தொல்லை தரும் நெளிவு இல்லாத நல்ல நேரம், தூண்டல் பெற்றவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 மணி கூடியிருந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கூடவே இல்லை. அதே ஆய்வில் கடுமையான பக்கவிளைவுகள் தூண்டல் பெற்றவர்களிடமே அதிகம். மூளை இரத்தக்கசிவால் ஒருவர் இறந்தும்போனார். இரத்தக்கசிவு அரிது என்றாலும் இல்லாத ஒன்றன்று. கருவியைச் சுற்றிக் கிருமித்தொற்று ஏற்பட்டு அதை எடுக்க நேர்வதும் உண்டு. இவ்விரண்டும் தங்கள் மையத்தில் எத்தனை பேருக்கு நேர்ந்தன என்று அறுவை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி அண்ணனின் வாதத்துக்கு வருகிறேன். அவர் அன்பினால்தான் சொல்கிறார். ஆனாலும் நான் உறுதியாக மறுக்கும் கருத்து அதுதான். மறதி முற்றி, மாத்திரை உச்சத்தில் இருக்கும்போதும் தடுமாறி விழுந்து, பேச்சும் விழுங்குவதும் தளர்ந்துவிட்ட பிறகு இந்த அறுவையால் பயனில்லை. அந்நிலையில் அதைச் செய்யவும் மாட்டோம். பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து 251 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தின் ஏற்ற இறக்கம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே தூண்டல் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம், மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களைவிடத் தெளிவாக உயர்ந்தது. அவர்கள் உங்கள் தந்தையைவிட இளையவர்கள், சராசரி வயது 52 என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் 62 வயதில், நினைவாற்றல் தெளிவாக இருந்து, மாத்திரைக்கு நல்ல பலனும் இருக்குமானால், இது யோசிக்க வேண்டிய காலந்தான். நோய் உள்ளே தொடர்ந்து முன்னேறும். அதை இந்தச் சிகிச்சை தடுக்காது. இடையில் கிடைக்கும் நல்ல ஆண்டுகள் எத்தனை, அவை எப்படிப்பட்டவை என்பதே கேள்வி.

அம்மாவின் அச்சத்தை அறியாமை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். தூண்டப்படும் இடத்துக்கு மிக அருகில் மனநிலையோடு தொடர்புள்ள பாதைகளும் செல்கின்றன. சிலருக்கு அறுவைக்குப் பின் மனச்சோர்வு, பதற்றம், ஆர்வமின்மை, சொற்களைத் தேடும் தயக்கம் ஆகியவை ஏற்படுகின்றன. தற்கொலை எண்ணம் வந்தவர்களும் உண்டு. பெரும்பாலானவற்றை மின் அளவையும் மருந்தையும் மாற்றிச் சரிசெய்ய முடியும், உரிய நேரத்தில் சொன்னால். ஆகவே அறுவைக்கு முன் நினைவாற்றல், மனநலப் பரிசோதனைகளைத் தவறாமல் செய்யச் சொல்லுங்கள். பின்னர் முதல் ஓராண்டுக்கு அம்மாவே சிறந்த கண்காணிப்பாளர். அவரை மருத்துவரின் அறைக்கு வெளியே உட்காரவைத்துவிடாதீர்கள்.

ஒலி அலை சிகிச்சை உண்மையானது. எம்.ஆர்.ஐ. வழிகாட்ட, மண்டையைத் திறக்காமலேயே ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்து அந்த இடத்தைச் சுடுகிறார்கள். 2018இல் அமெரிக்காவில் பார்க்கின்சன் நடுக்கத்துக்கு அது அனுமதிக்கப்பட்டது. கருவியோ பேட்டரியோ வேண்டாம். ஆனால் சுட்டது சுட்டதுதான், திரும்பப் பெற முடியாது. பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கே செய்கிறார்கள். ஒரு கை நடுக்கமே முதன்மைத் தொல்லையாக இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. நாள் முழுவதும் ஏறி இறங்கும் நிலையே உங்கள் தந்தையின் தொல்லை என்பதால், தூண்டலே அவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

முதுகில் போடும் ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள். ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய டோபமைன் செல்களை மூளைக்குள் வைக்கும் ஆய்வுகள் நடக்கின்றன என்பது உண்மை. ஜப்பானின் கியோட்டோவில் 7 பேரிடமும், வட அமெரிக்காவில் 12 பேரிடமும் நடந்த அத்தகைய ஆய்வுகளின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. பாதுகாப்பைப் பொறுத்தவரை நம்பிக்கை தருகின்றன. அவையெல்லாம் மண்டையில் துளையிட்டு, உரிய இடத்தில் செல்களை வைத்து, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நெடுநாள் கொடுத்து நடந்தவை. முதுகுத்தண்டில் போடும் ஊசிக்கும் அந்த ஆய்வுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள்படி, இத்தகைய நோய்களுக்கு ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்குக் கட்டணமும் கேட்கக் கூடாது. நோயாளிக் குடும்பங்களின் தவிப்பை விலைபேசும் இந்த வணிகம் எனக்கு ஆறாத கோபத்தைத் தருகிறது.

பூனைக்காலியை நான் இகழவில்லை. அதன் விதையில் இருப்பது லெவோடோபாவேதான். 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு வேதியியல் ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மாத்திரையில் உள்ள அதே மருந்து, அளவு தெரியாமல், கூடுதலாக உள்ளே போகிறது. அந்த நெளிவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். திடீரென நிறுத்தாமல், எந்த வேளையில் எவ்வளவு எடுக்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகக் கொடுங்கள். பருப்பு, முட்டை, பால் போன்றவற்றின் புரதம் மருந்து உட்செல்வதைத் தடுக்கும்.

அடுத்த சந்திப்புக்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் மணிவாரியாக எழுதுங்கள்: தூக்கம், நல்ல நேரம், நெளிவு, உறைவு, மாத்திரை வேளை. நெளிவையும் உறைவையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின், இரவு மாத்திரையை நிறுத்தி, மறுநாள் காலையில் பரிசோதித்து, மருந்து கொடுத்து மீண்டும் பரிசோதிக்கும் லெவோடோபா சோதனையை மருத்துவமனையில் செய்வார்கள். அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். முப்பது விழுக்காடாவது முன்னேற்றம் தெரிகிறதா என்று பொதுவாகப் பார்ப்பார்கள். இரண்டாவது கருத்து கேட்க விரும்பினால், இயக்கக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உங்களுக்கு அருகே திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. செலவு பல லட்சம் ரூபாய் ஆகும். அதில் பெரும்பங்கு கருவிக்கே. மறுமின்னேற்றம் செய்ய முடியாத பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு, காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது. உங்கள் தந்தையின் கருத்து மட்டும் இல்லை. மாத்திரை நன்றாக வேலை செய்யும் ஒரு வேளையில் அவருடன் உட்கார்ந்து, தம் நாளில் எந்த ஒன்று திரும்பக் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறார் என்பதைக் கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போய், அதைச் செய்ய இந்த அறுவையால் முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.