தாத்தாவின் கேம்பர் வேனுக்கு மாருதி எஞ்சின் போடலாமா?

கேள்வி: 1973-இல் தாத்தா தன் பெயரில் பதிவு செய்த ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன், கோவையில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. தாத்தா உயில் எழுதவில்லை. பாட்டியும் இப்போது இல்லை. வேனைப் பழையபடி ஆக்கி, குடும்பத்தோடு ஊட்டி, மூணாறு என்று போய்வர ஆசை. மாருதி எஞ்சின் போட்டு, கூரையை வெட்டி உயர்த்திவிடலாம் என்கிறார் மெக்கானிக். திருச்சியில் இருக்கும் அத்தையோ தனக்கும் பங்கு உண்டு என்கிறார். அப்பாவுக்கு வேறு உடன்பிறப்பு இல்லை. நான் என்ன செய்யலாம்?

பதில்: அத்தை சொல்வது சரி. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அப்பா இருக்கும்போது பேரனான நீங்கள் வாரிசே இல்லை. ஆகவே பணம் போடுவதற்கு முன் அத்தையிடம் பேசுங்கள். அவர் ஆட்சேபணை இல்லை என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் கொடுத்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31-இல் முதலில் அப்பா பெயருக்கு மாற்றலாம். இதற்கான மூன்று மாத கெடு எப்போதோ முடிந்துவிட்டது; அபராதம் வரும், ஆனால் வழி அடைபடாது. பழைய கையெழுத்துப் பதிவு என்பதால் கணினியில் விவரம் இருக்காது. பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை ஏற்றச் சொல்லி, பதிவு ரத்தாகவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது மெக்கானிக் யோசனை. தயவுசெய்து வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. 182ஏ(4) பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த 81ஏ விதிப்படி, முதல் பதிவு நடந்து ஐம்பது வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு விண்டேஜ், அதாவது பழம்பெரும் வண்டி என்ற அந்தஸ்து கிடைக்கும். உங்கள் வேன் அந்த வயதைக் கடந்துவிட்டது. ஆனால் சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் இவற்றில் கை வைத்து மாற்றியிருந்தால் கிடைக்காது. கூரையில் ஒரு வெட்டு விழுந்தால் அந்த வாய்ப்பு நிரந்தரமாகப் போய்விடும். அதே எஞ்சினைப் பிரித்து, அதே அளவில் பிஸ்டன், பேரிங் போட்டுத் தேற்றுவது மாற்றம் ஆகாது என்பது என் கருத்து.

ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கினால் உங்கள் ஊட்டிப் பயணம் நடக்காது! அந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான் சாலைக்கு வரலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி என்பதால் பழைய எண்ணே நீடிக்கும். உங்களுக்குக் குடும்பத்தோடு சுற்றுவதுதான் ஆசை என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கும் வழிக்கே போங்கள். பதினைந்து வருஷம் தாண்டினாலே வண்டி பழைய இரும்பு என்ற பேச்சு டெல்லிப் பக்கத்துக் கட்டுப்பாட்டிலிருந்து பரவியது. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 41(10) பிரிவில், தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். தாமதக் கட்டணம், பசுமை வரி கட்ட வேண்டியிருக்கும். வண்டியை மாற்றாமல் வைத்திருந்தால் விண்டேஜ் பதிவைப் பின்னால்கூட கேட்கலாம்.

பட்டறையில் விடும்முன் எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இந்த வேனில் சேஸிஸ் எண் எஞ்சின் அறைக்குள்ளேதான் பொறித்திருக்கும். துருவைத் தேய்க்கிறேன் என்று டிங்கரிங்காரர் அதை அழித்துவிட்டால் அப்புறம் பதில் சொல்வது நீங்கள்தான். வேலை, தொகை, முடிக்கும் நாள், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தருவது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூலி பாக்கி இருந்தால் ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவுப்படி வண்டியைப் பிடித்து வைக்கப் பட்டறைக்கு உரிமை உண்டு. விற்க உரிமை இல்லை. வேலை சரியில்லை என்றால் இரண்டு வருஷத்துக்குள் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இப்போது பதிவும் காப்பீடும் நடப்பில் இல்லாததால், பட்டறைக்கு ஓட்டிப் போகாமல் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.