45 குரோமோசோம் இருந்தும் குறை இல்லையா?

கேள்வி: இரண்டு முறை கரு கலைந்ததால் எங்கள் இருவருக்கும் கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணி, வடிவத்தைப் பார்க்கும்) பரிசோதனை செய்தார்கள். கணவருக்கு 46 குரோமோசோம். எனக்கு 45தான், 14ஆவதும் 21ஆவதும் ஒட்டியிருக்கிறதாம். உடம்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்று குறைந்தும் எப்படி? இனி நல்லபடியாகக் குழந்தை பிறக்குமா?
- வாசகி, ராயபுரம்

பதில்: பிறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இது உங்கள் சாப்பாட்டாலோ வேலையாலோ வந்ததல்ல. மனதில் பாரம் வேண்டாம்.

மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமில் ஒடுங்கிய ஓர் இடம் உண்டு. அது சென்ட்ரோமியர். செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் இழைகள் அங்கேதான் பற்றும். அதற்கு ஒரு பக்கம் குட்டைக் கை, மறுபக்கம் நீண்ட கை. 13, 14, 15, 21, 22 ஆகியவற்றில் சென்ட்ரோமியர் கிட்டத்தட்ட நுனியிலேயே இருப்பதால் குட்டைக் கை மிகச் சிறியது. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்களின் நகல்கள் அதில் இருக்கின்றன. உங்களுக்கு 14, 21 இரண்டின் நீண்ட கைகளும் சென்ட்ரோமியர் அருகே இணைந்து, குட்டைக் கைகள் போய்விட்டன. அதே மரபணுக்கள் இதே வகையைச் சேர்ந்த மற்ற 8 குரோமோசோம்களிலும் இருப்பதால் உடம்புக்கு நஷ்டமில்லை.

சிக்கல் கருமுட்டை உருவாகும்போதுதான். ஒட்டியது, தனி 14, தனி 21 ஆகிய மூன்றும் இரு பக்கமாகப் பிரிய வேண்டும். தனி 14, 21 இரண்டும் முட்டைக்கு வந்தால் இயல்பான குழந்தை. ஒட்டியது மட்டும் வந்தால் உங்களைப் போல ஆரோக்கியமான குழந்தை. ஒட்டியதோடு தனி 21ம் வந்தால், குழந்தைக்கு 21 மூன்றாகி, வளர்ச்சிக் குறைபாடான டவுன் சிண்ட்ரோம் வரும். மற்ற மூன்று விதமாகப் பிரிந்தால் கரு நிலைக்காது. உங்களுக்குக் கலைந்ததற்கு அது காரணமாக இருக்கலாம்.

தாயிடம் இந்த ஒட்டு இருந்தால் டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 10 முதல் 15 சதவீதம். தந்தையிடம் இருந்தால் மிகக் குறைவு. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவையோ, 16 வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்கலாம். உடன்பிறந்தவர்களுக்கும் இதே ஒட்டு இருக்கலாம், கட்டாயம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: வெங்காய வேர்நுனி ஸ்லைடில் செல்கள் குவியலாகத் தெரிகின்றன. குரோமோசோமே தெரியவில்லையே?
- பிளஸ் டூ மாணவர், வியாசர்பாடி

பதில்: அமிலத்தில் போதிய நேரம் வைக்கவில்லை என்று தோன்றுகிறது. 3 பங்கு எத்தனால், 1 பங்கு அசிட்டிக் அமிலக் கலவையில் ஒரு நாள் ஊறிய வேரை 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் வைத்தால்தான் செல்களுக்கு இடையிலான பசை இளகும். பிறகு கழுவி, நுனியில் 1, 2 மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். அதற்கு மேலே பிரியும் செல்கள் குறைவு. அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கவர்ஸ்லிப்பைக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டுவிடும். மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டம்) செல்லைத் தேடுங்கள், 16 குரோமோசோம் இருக்கும். சென்ட்ரோமியர் ஒடுக்கமாகத் தெரியும். நுனியில் உள்ள டீலோமியரை இந்தச் சாயத்தில் தனியாகப் பார்க்க முடியாது.