எண்டோஸ்கோப்பி முடியும்வரை சப்பாத்தியை நிறுத்த வேண்டாம்

கேள்வி: நாங்கள் குருகிராமில் வசிக்கிறோம். என் மூன்றரை வயது மகளுக்கு ஒரு வருடமாக எடை ஏறவில்லை. வயிறு உப்பியும் கைகால்கள் மெலிந்தும் இருக்கின்றன. இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ரத்தசோகை தீரவில்லை. டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையில் இயல்பான உச்ச வரம்பைப்போல் நான்கு மடங்கு வந்திருப்பதால், சீலியாக் நோயாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். எண்டோஸ்கோப்பிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதுவரை கோதுமை கொடுக்கச் சொன்னார். மனம் கேட்காமல் நான்கு நாட்களாக நிறுத்திவிட்டேன். கும்பகோணத்தில் இருக்கும் மாமியாரோ, "அரிசி சாப்பிடுகிற குடும்பத்தில் இது எப்படி வரும்? பச்சைக் குழந்தைக்குக் குழாய் விடுவதெல்லாம் எதற்கு?" என்கிறார். ஆறாம் மாதத்திலேயே கோதுமைக் கஞ்சி கொடுத்தது என் தவறா? மகனுக்கு ஏழு வயது, அவனுக்கும் வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இன்றிரவே மகளுக்கு ஒரு சப்பாத்தி கொடுங்கள். (இதழ் அச்சாகி வர நாளாகும் என்பதால் இந்த ஒரு வரியை உங்களுக்கு முன்கூட்டியே தனியாகத் தெரிவித்துவிட்டோம்.) சந்தேகப்படுகிற உணவையே பெற்றவள் கையால் ஊட்டுவது எவ்வளவு கசப்பான வேலை என்பது தெரியாமல் இதைச் சொல்லவில்லை.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, இந்நோய் உள்ளவரின் உடல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்முளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. கோதுமையை நிறுத்தினால், டி.டி.ஜி. பரிசோதனை அளக்கிற, ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் குறையத் தொடங்கும், நுண்முளைகளும் மெல்ல மீளும். அது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சோதனைக்கு முன்பே அது நடந்துவிட்டால், நோய் இருந்தும் எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் குடல் திசு இயல்பாகத் தெரியக்கூடும். பிறகு உண்டா இல்லையா என்ற முடிவே இல்லாமல் குழந்தையை ஆயுள் முழுவதும் பத்தியத்தில் வைக்க வேண்டிவரும், அல்லது சோதனைக்காகவே மறுபடி பல வாரங்கள் கோதுமை கொடுக்க வேண்டிவரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த இரண்டாவது வழியைக் கூடியவரை தவிர்க்கவே மருத்துவர்கள் விரும்புவார்கள்.

நான்கு நாள் இடைவெளியால் எல்லாம் கெட்டுவிடாது. அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திணிக்கவும் தேவையில்லை: காலையில் ஒரு சப்பாத்தி, மாலையில் இரண்டு பிஸ்கட் என்று ஒரு வேளைக்கு மேல் வழக்கம்போலக் கொடுத்தால் போதும். இடையில் கடும் வயிற்றுப்போக்கோ, தொடர் வாந்தியோ, சோர்ந்து படுத்துவிடுவதோ கண்டால் மூன்று வாரம் காத்திருக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் மாமியாரின் அச்சத்தைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து எள்ளளவு திசுக்கள் சிலவற்றை எடுப்பார்கள். வெட்டோ தையலோ கிடையாது, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம். டி.டி.ஜி. அளவு வரம்பைப்போல் பத்து மடங்கைத் தொட்டு, வேறொரு ரத்த மாதிரியில் இன்னொரு எதிர்ப்பொருளும் உறுதியானால் குழந்தைகளுக்குத் திசு எடுக்காமலே முடிவு சொல்லலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வழிகாட்டுதல் 2020இல் கூறியது. உங்கள் மகளுக்கு நான்கு மடங்குதான் என்பதால் உங்கள் மருத்துவர் செய்வது முறையானதே. திசு இயல்பாக இருந்தால், குடலில் ஒட்டுண்ணித் தொற்று போன்ற வேறு காரணங்களைத் தேடவும் அதுவே வழிகாட்டும்.

அரிசிக் குடும்பம் என்ற கேள்விக்கு: இந்நோய்க்கு இடம் தரும் மரபணுக்கள் ஏராளமானோருக்கு உண்டு, அவர்களில் சிலருக்கே நோய் வருகிறது, தமிழ்நாட்டில் அரிதாகவும் பஞ்சாப், ஹரியானா, டெல்லி பக்கம் அதிகமாகவும் காணப்படுவதற்குக் கோதுமை உணவு ஒரு முக்கியக் காரணம். உங்கள் மகள் வளர்வது குருகிராம் தட்டில்.

கஞ்சி கொடுத்தது தவறே இல்லை. குளூட்டனை எந்த மாதத்தில் தொடங்குவது என்பதைப் பொறுத்து இந்நோய் தடுக்கப்படுகிறதா என்று பார்த்த இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகள் 2014இல் வெளியாயின. முன்பே கொடுத்ததாலோ தள்ளிப்போட்டதாலோ தாய்ப்பாலாலோ நோயைத் தடுக்க முடியவில்லை என்பதே அவற்றின் முடிவு. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

நோய் உறுதியானால் குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதுதான் சிகிச்சை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காத நெதர்லாந்தில் இந்நோயுள்ள குழந்தைகள் தேறியது, போருக்கு முன்பே அவருக்கு இருந்த ஐயத்துக்கு வலுச்சேர்த்தது. நமக்கோ இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகு, கம்பு எல்லாம் பாதுகாப்பானவை. டெல்லிப் பக்கத்துத் தாய்மார்களைவிட உங்களுக்கு வேலை குறைவுதான். ஏமாற்றுவது பெருங்காய டப்பா. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கிறது; சாம்பார், ரசம், ஊறுகாய் அத்தனையிலும் அது போகிறது. சத்துமாவுக் கஞ்சி, மால்ட் பானங்கள், கோயில் கேசரி, கல்யாண வீட்டுச் சேமியா பாயசம் ஆகியவற்றையும் கவனியுங்கள். கோதுமை அரைத்த மில்லிலேயே கேழ்வரகை அரைத்தால் அதுவும் கெட்டது. வீட்டு மிக்ஸியில் அரையுங்கள், தோசைக்கல்லைத் தனியாக வையுங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட பொட்டலத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களிலேயே பசியும் முகத்தெளிவும் திரும்பும். ரத்த அளவு இறங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம், அதைக் கண்டு கலங்காதீர்கள்.

மகளுக்கு உறுதியானால் மகனுக்கும் உங்கள் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உடன்பிறந்தோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும், அறிகுறி எதுவும் தெரியாமலும் இருக்கலாம். டி.டி.ஜி.யுடன், ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் அது குறைவாக உள்ளவருக்கு நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். அந்த ரத்தம் எடுக்கும் நாள்வரை அவன் டிபன் டப்பாவில் பராத்தா இருக்கட்டும்.