காவல் நாய்க்குக் கருத்தடை செய்தால் காவல் போய்விடுமா?

கேள்வி: ஆட்டுப்பட்டிக் காவலுக்கு ஓர் ஆண் நாய் வளர்க்கிறேன். இரண்டரை வயது. அடிக்கடி இரண்டு மூன்று நாள் காணாமல் போய், கடிபட்டுத் திரும்புகிறது. கருத்தடை செய்தால், காயடித்த காளை மாதிரி சாதுவாகிக் காவலை விட்டுவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கருத்தடை இருக்கட்டும், முதலில் கடியைப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு காயத்தைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் மறுபடி போடச் சொல்வார்.

சரி, கேள்விக்கு வருவோம். செய்யலாம். நாய் இப்படி அலைவது பெரும்பாலும் எங்கோ பருவத்தில் இருக்கும் பெட்டையின் வாசனைக்குத்தான். விரைகளை எடுத்தால் பெரும்பாலான நாய்களுக்கு இந்த அலைச்சல் குறையும். மூன்று நாள் பட்டியிலேயே இல்லாத நாய் இப்போது மட்டும் என்ன காவல் காக்கிறது?

காளைக் கணக்கு இங்கே பொருந்தாது. பெட்டை நாயும் குரைத்துக் காவல் காக்கத்தானே செய்கிறது! ஆனால் புது ஆள் வரும்போது உங்கள் நாயைக் கவனியுங்கள். வாலைத் தூக்கி முன்னேறி வந்து குரைத்தால் கவலையில்லை. வாலை இடுக்கி, காதை மடக்கி, பின்வாங்கிக்கொண்டே குரைத்தால் அது பயம். பயத்தில் கடிக்கும் நாயை அறுவை சிகிச்சை திருத்தாது. சில நாய்களுக்குப் பயம் கூடவும் செய்யும். அப்படிப்பட்ட நாய் என்றால், தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் வில்லை கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விரைகளை எடுத்தது போன்ற விளைவைத் தற்காலிகமாகத் தரும், சுமார் 6 மாதம் வேலை செய்யும். முதல் சில வாரம் சேட்டை கூடலாம், அப்புறம் அடங்கும். குணம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

வயது சரிதான். பெரிய இனக் குட்டி என்றால் எலும்பு வளர்ந்து முடிய ஒன்றரை வயதுவரை பொறுக்கச் சொல்லியிருப்பேன். ஒரு விரை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்றிருந்தால் மட்டும் யோசனையே வேண்டாம், எடுத்துவிடுங்கள். பின்னாளில் அதில் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம்.

தையலை 10 முதல் 14 நாள் நக்கவிடாமல் கழுத்தில் கூம்புப் பட்டை போடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் விந்து சில வாரம் உயிரோடிருக்கும் என்பதால் ஒன்றரை மாதம் பெட்டையிடம் விடாதீர்கள். சாதுவாகிறதோ இல்லையோ, தீனியைக் குறைக்காவிட்டால் குண்டாகிவிடும். கால்பங்கு குறைத்து, வாரம் ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு விரலில் தட்டுப்பட்டால் அளவு சரி.